மருந்துக்குப் பின் யார் பொறுப்பு? ஊவாத் தோட்டங்களில் உளநலப் புனர்வாழ்வு

மனச்சிதைவு, இருமுனைப் பிறழ்வு, கடுமையான மனச்சோர்வு போன்ற நீண்டகால உளநோய்களுக்கு ஆளான ஒருவர், நோயின் உக்கிரம் தணிந்த பின் வீட்டிலும் வேலைத்தளத்திலும் ஊர்க் காரியங்களிலும் தமக்குரிய இடத்தை மீண்டும் பெறும்வரை அவருக்கு அளிக்கப்படும் துணை முழுவதும் உளநலப் புனர்வாழ்வு எனப்படுகிறது. அத்துணை வைத்தியசாலையோடு முடிந்துவிடாமல் நோயர் வாழும் ஊரிலேயே தொடரும்போது அது சமூகம்சார் புனர்வாழ்வு ஆகிறது. மருந்து எழுதுபவர், ஊசி போடுபவர், உதவிப்பணத்துக்குச் சிபாரிசு செய்பவர், வேலை கொடுப்பவர், அடையாள அட்டைக்குக் கையொப்பமிடுபவர் என ஒரு நோயரின் வாழ்வோடு தொடர்புடைய பலரும் வெவ்வேறு அலுவலகங்களில் இருப்பதால், அவர்கள் அனைவரையும் அந்த ஒருவரின் தேவையைச் சுற்றி இணைத்து, தொடக்கம் முதல் அவருக்குப் பொறுப்பாக நிற்கும் ஒரு பணியாளரை நியமிக்கும் முறை பல நாடுகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வழக்கில் உள்ளது. ‘கேஸ் மேனேஜ்மென்ட்’ என்று அறியப்படும் இம்முறை இக்கட்டுரையில் பராமரிப்பு முகாமைத்துவம் என்று குறிக்கப்படுகிறது; அதனைச் செய்பவர் பராமரிப்பு இணைப்பாளர் எனப்படுகிறார். பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் இம்முறைக்கான தேவை மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் அதற்குரிய பொறுப்பு இன்னும் எவர் கையிலும் ஒப்படைக்கப்படாமலேயே இருக்கிறது.

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் சுமார் 8 இலட்சத்து 15 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர்; அவர்களுள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் மலையகத் தமிழர். நுவரெலியாவுக்கு அடுத்தபடியாக இச்சமூகத்தவர் மிகுதியாக வாழும் மாவட்டம் இதுவே. பசறை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லாந்தை எனப் பரந்து கிடக்கும் மலைச்சரிவுகளில் அமைந்த தோட்டங்களில், பிரித்தானியர் காலத்து லய வரிசைகளும் அவற்றின் ஒற்றை அறைக் காம்பராக்களும் இன்னும் பல குடும்பங்களின் இருப்பிடமாக உள்ளன. பத்தடி அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில், இரவெல்லாம் விழித்திருந்து தமக்குத்தாமே பேசும் ஒருவரின் நோய் குடும்பம் முழுவதன் உறக்கத்தையும், மறுநாள் மலைக்குப் போக வேண்டியவர்களின் உழைப்பையும் பறிக்கிறது. சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் எல்லாம் கேட்கும். இரகசியம் காப்பது அங்கே கடினம். அதே காரணத்தால், உதவி தேவைப்படும் வேளையில் ஆளில்லாமற் போவதும் அரிது. இந்த இரு உண்மைகளையும் மனத்திற்கொள்ளாத எந்தத் திட்டமும் தோட்டத்தில் நிலைப்பதில்லை.

இலங்கையின் உளமருத்துவம் நெடுங்காலம் தலைநகரை அண்டியே இருந்தது. கடும் உளநோய் கண்டவர் எவராயினும் கொழும்பை அடுத்த அங்கொடை வைத்தியசாலைக்கே அனுப்பப்பட்டதால், அந்த ஊரின் பெயரே நாடு முழுவதும் ஏளனச் சொல்லாகிவிட்டது. பதுளையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 230 கிலோமீற்றர் தூரம்; அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவர்களைப் போய்ப் பார்க்கும் வசதி தோட்டக் குடும்பங்களுக்கு எளிதில் வாய்த்திருக்காது. 1873ஆம் ஆண்டின் உளநோய்க் கட்டளைச் சட்டம், நோயரைப் பாதுகாப்பாக அடைத்து வைப்பதையே மையமாகக் கொண்டது. ஊரில் வாழ்ந்தபடியே சிகிச்சை பெறுவதற்கான ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. திருத்தங்களும் புதிய வரைவுகளும் பலமுறை பேசப்பட்ட போதிலும், விக்டோரியா காலத்து அச்சட்டத்தின் நிழல் இன்றும் முற்றாக நீங்கவில்லை.

2004 டிசம்பரில் ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின்னர் உளநலம் பற்றிய அரசின் பார்வை மாறத் தொடங்கியது. 2005இல் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, ஒவ்வொரு மாவட்டத்திலும் கடும்நிலை நோயருக்கான விடுதி, இடைநிலைத் தங்கல் புனர்வாழ்வு நிலையம், வெளிக்கள கிளினிக், சமூகத்தில் பணிபுரியும் தாதியர் ஆகியவற்றை உருவாக்கும் நோக்கை முன்வைத்தது. இடைநிலைத் தங்கல் நிலையம் என்பது கடும்நிலை தணிந்தவர் சில மாதங்கள் தங்கி, சமையல், துப்புரவு, தோட்டவேலை, பணத்தைக் கையாளுதல் முதலியவற்றில் மீண்டும் பழகும் இடமாகும். உளமருத்துவ நிபுணர்கள் மிகக் குறைவாக இருந்ததால், குறுகியகாலப் பயிற்சி பெற்ற உளநல வைத்திய அதிகாரிகள் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சுனாமியால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில், அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்களே சமூக ஆதரவு உத்தியோகத்தர்களாகப் பயிற்றப்பட்டு, நோயருள்ள வீடுகளுக்குச் சென்று வந்தனர். மட்டக்களப்பில் உளமருத்துவ நிபுணர் மகேசன் கணேசனும், யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம், சிவயோகன் ஆகியோரும் போரின் நடுவே இதே வழியில் தமிழ் பேசும் களப்பணியாளர்களைக் கொண்டு உளநலச் சேவைகளைக் கட்டியெழுப்பினர். வைத்தியர் ஒருவரே இருக்கும் இடத்திலும், பயிற்சி பெற்ற ஊரவர் சிலர் கூடினால் சேவை கிராமம்வரை செல்லும் என்பதை வடக்கும் கிழக்கும் நாட்டுக்கு முன்னரே காட்டிவிட்டன. போரும் சுனாமியும் உலகின் கவனத்தை ஈர்த்தன. தேயிலை மலைகளின் மெல்லிய, அன்றாடத் துயரம் அத்தகைய கவனத்தையும் நிதியையும் ஒருபோதும் பெறவில்லை.

இன்று பதுளை போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு, உளமருத்துவ நிபுணர் உண்டு, மருந்து இலவசம். இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆயினும் வைத்தியசாலை வாயிலுக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட தூரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே இச்சாதனைகளின் பயன் அமைகிறது. லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த, மனச்சிதைவு கண்ட இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் பதுளையில் மூன்று வாரம் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவதாகக் கொள்ளலாம். அவர் கையில் ஒரு கிளினிக் கொப்பியும் ஒரு மாத மாத்திரையும் உள்ளன. அடுத்த கிளினிக் நாளில் விடியுமுன் எழுந்து, தோட்டத்துப் பாதையில் நடந்தோ முச்சக்கர வண்டியிலோ பிரதான வீதிக்கு வந்து, பசறை வழியாகப் பஸ்ஸில் பதுளை சென்று, வரிசையில் நின்று, வைத்தியரைச் சில நிமிடம் பார்த்து, மருந்து பெற்று, மாலையில் திரும்ப வேண்டும். தனியே போக அவரால் இயலாது; தாயோ அக்காவோ உடன்செல்ல வேண்டும். தோட்டத்து வழக்கில் ஒருநாள் வேலையும் அதற்குரிய சம்பளமும் ‘பேர்’ எனப்படும். உடன்செல்பவருக்கு அன்று பேர் விழாது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தைக் கொண்டு பார்த்தாலும், அந்த இழப்போடு போக்குவரத்துச் செலவும் உணவுச் செலவும் சேர்வதால், விலையில்லாத மருந்துக்கு அக்குடும்பம் ஒவ்வொரு மாதமும் விலை கொடுக்கிறது. நோயர் சற்றுத் தேறியதும் அச்செலவு வீண் என்று தோன்றுவது இயல்பே. மருந்து நிற்கிறது, சில மாதங்களில் நோய் மீள்கிறது, மீண்டும் பதுளை. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் எவரும் தம் கடமையில் தவறவில்லை என்பதுதான் கவலைக்குரியது. வைத்தியர் மருந்து எழுதினார், தாதி கொப்பியில் திகதியிட்டார், தாய் இயன்றவரை அழைத்து வந்தார். அந்த இளைஞர் ஏன் இம்மாதம் வரவில்லை என்று கேட்டுச் செல்வதற்கு மட்டும் எவரும் இல்லை.

சில மருந்துகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஏனைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் குளோசபின் மிகப் பயனுள்ள மருந்து; ஆனால் அது வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக் கூடியதால், தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டல். வாரத்தில் ஒரு பேரை இழக்க வல்ல தோட்டக் குடும்பம் எது? ஆகவே மிகவும் பயன்பெறக் கூடியவரே அம்மருந்தை இழக்க நேரிடலாம். புளூபெனசின் போன்று இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் நீண்டகாலச் செயற்பாட்டு ஊசி இதற்கு நேர்மாறானது. உரிய ஏற்பாடு இருந்தால் அதனை அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே போட்டுக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டைச் செய்வது, அதாவது பதுளையிலிருந்து கடிதம் பெற்று, உள்ளூர் வைத்தியரிடம் பேசி, ஊசி மருந்து கையிருப்பில் இருப்பதை உறுதிசெய்து, குடும்பத்துக்குத் திகதியை நினைவூட்டுவது, பராமரிப்பு இணைப்பாளரின் வேலை. படிக்கும்போது சிறு காரியமாகத் தெரியும் இதுதான் பல வேளைகளில் ஒருவர் மீண்டும் விடுதியில் அனுமதிக்கப்படுவதைத் தடுக்கிறது.

இப்படியொரு பணியாளர் தேவை என்பது முதலில் அமெரிக்காவில் உணரப்பட்டது. 1963இல் ஜனாதிபதி கென்னடி கையொப்பமிட்ட சமூக உளநலச் சட்டத்தையும் புதிய மருந்துகளின் வரவையும் அடுத்து, அந்நாட்டின் பெரும் உளநோய் மருத்துவமனைகள் வேகமாகக் காலியாகின. வெளியே வந்தவர்களுக்குத் தங்குமிடமும் மருந்தும் உதவிப்பணமும் வெவ்வேறு துறைகளின் கையில் இருந்தன. அவற்றுள் நுழைந்து வெளியேறும் வழி தெரியாமல் பலர் தெருவுக்கு வந்தனர். 1970களில் விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரில் லெனார்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் ஆகியோர், மருத்துவமனை விடுதியில் பணிபுரிந்த குழுவையே ஊருக்குள் இறக்கி, நோயர் வாழும் இடத்திலேயே நாளின் எவ்வேளையிலும் உதவும் முறையொன்றை உருவாக்கினர். சலவைக் கடையைப் பயன்படுத்துவது முதல் வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசுவது வரை நோயருக்கு எங்கே கற்பிக்க வேண்டுமோ அங்கேயே கற்பிப்பது அதன் கொள்கை. ஒரு பணியாளருக்கு ஏறத்தாழ பத்து நோயர் என்ற விகிதம் அம்முறையின் அடையாளமாயிற்று. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ராப் 1980களில் வளர்த்த மற்றொரு முறை, நோயரின் குறைபாடுகளைப் பட்டியலிடுவதற்குப் பதிலாக அவருக்கு எஞ்சியுள்ள ஆற்றல்களையும் விருப்பங்களையும் சுற்றத்தையும் கணக்கெடுத்து, அவற்றின் மேல் திட்டத்தை எழுப்பியது.

எல்லா வகைப் பராமரிப்பு முகாமைத்துவமும் பயன் தந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோயரைத் தேவையான அலுவலகங்களுக்கு வழிகாட்டி அனுப்புவதோடு நின்றுவிடும் ‘தரகு’ வகை உள்ளிட்ட வழக்கமான பராமரிப்பு முகாமைத்துவத்தை ஆராய்ந்தவர்கள், நோயர்கள் சேவையோடு தொடர்பில் நீடித்தாலும் மருத்துவமனை அனுமதிகள் குறையவில்லை, கூடவே செய்தன என்று 1990களின் இறுதியில் தொகுத்துக் காட்டினர். பிரித்தானியாவில் 708 நோயர்களிடம் செய்யப்பட்டு 1999இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஒரு பணியாளருக்கு முப்பதுக்கு மேற்பட்டவர் என்றிருந்த எண்ணிக்கையைப் பத்து முதல் பதினைந்தாகக் குறைத்தும்கூட மருத்துவமனையில் கழிந்த நாட்கள் குறையவில்லை. பணியாளரின் சுமையைக் குறைப்பது மட்டும் போதாது, அவர் நோயரோடு என்ன செய்கிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து கொள்ள இடமுண்டு. ஊவாத் தோட்டங்களுக்கு இந்தப் பாடம் மிக நேரடியானது. அனுப்பிவைப்பதற்கு அருகில் சேவைகளே இல்லாத இடத்தில் வழிகாட்டி மட்டுமாக இருப்பவரால் பயனில்லை. கையோடு செய்து தருபவர் வேண்டும்.

தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு நம்பிக்கை தருகிறது. உளமருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’, பட்டம் பெற்ற நிபுணர்கள் போக முடியாத கிராமங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களைக் கொண்டு நீண்டகாலம் வேலை செய்து வந்துள்ளது. அந்நிறுவனமும் பங்கேற்ற, தமிழ்நாடு, கோவா, சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 நோயர்களை உள்ளடக்கிய ஆய்வு 2014இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. உளமருத்துவரின் மேற்பார்வையில் சமூகப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, மருந்தை ஒழுங்காக எடுக்கத் துணைநின்று, நோயைப் பற்றிக் குடும்பத்துக்கு விளக்கி, வேலைக்கும் உதவிப்பணத்துக்கும் வழிசெய்தபோது, வழக்கமான கிளினிக் சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களது நோய்க்குறிகளும் இயலாமையும் ஓரளவு குறைந்தன. முன்னேற்றம் மிகப் பெரியதன்று. ஆனால் தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில், சேவைகள் மிகக் குறைவாக இருந்த இடத்தில்தான், அது மிகத் தெளிவாக வெளிப்பட்டது. பதுளையின் மலைகள் இந்த வகையில் நகரங்களைவிட அந்தக் கிராமங்களுக்கே நெருக்கமானவை.

தோட்டத்தில் இணைப்பாளரின் பணி நம்பிக்கையைப் பெறுவதில் தொடங்குகிறது. முதல் சந்திப்பிலேயே படிவத்தை விரித்துக் கேள்வி கேட்பவர், அதிகாரிகளிடம் அளவாகப் பேசிப் பழகிய லயத்து மக்களிடமிருந்து சரியான பதிலைப் பெறமாட்டார். பல முறை வந்து, தேநீர் குடித்து, தாயின் மூட்டுவலியைப் பற்றியும் தங்கையின் பரீட்சையைப் பற்றியும் பேசிய பிறகே, மகன் இரவில் யாரோடு பேசுகிறான் என்பதும், பேயோட்டும் கோடாங்கியிடம் எத்தனை முறை போனார்கள் என்பதும், அதற்கு எவ்வளவு வட்டிக்கு வாங்கினார்கள் என்பதும் தெரியவரும். செய்வினை, பேய் பிடித்தல், குலதெய்வக் குறை என்ற விளக்கங்கள் இம்மக்களிடம் ஆழமானவை. அவற்றை மூடநம்பிக்கை என்று இடித்துரைக்கும் பணியாளர் மறுமுறை அந்த வீட்டு வாசலில் வரவேற்கப்படமாட்டார். நூல் கட்டுவதும் கோயிலில் நேர்த்தி வைப்பதும் மருந்துக்கு இடையூறில்லை என்றும், அடிப்பதும் புகையிடுவதும் பட்டினி போடுவதும் கட்டிவைப்பதும் நோயை மோசமாக்கும் என்றும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே இங்கு வேண்டியவர். ஊவா மாகாணத்திலேயே உள்ள கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடனுக்காகச் செல்லும் குடும்பம், அப்பயணத்தின் நாட்களுக்கும் போதிய மாத்திரையை எடுத்துச் செல்லுமாறு பார்த்துக்கொள்வது சிறந்த இணைப்பாளரின் திறமை.

மொழி இதைவிட அடிப்படையானது. பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை உட்படப் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுள்ளன. ஆயினும் அரச வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் தமிழ் பேசும் பணியாளர் பற்றாக்குறை நீண்டகாலக் குறைபாடாகவே தொடர்கிறது. எலும்பு முறிவுக்கு மொழி குறைவாகத் தேவைப்படலாம். உளநோயை அறிவதற்கோ பேச்சே முதன்மையான கருவி. காதில் குரல் கேட்பதை மொழிபெயர்ப்பாளராக நிற்கும் பக்கத்துப் படுக்கைக்காரர் மூலம் ஓர் இளம்பெண் எவ்வாறு சொல்வாள்? சிங்களம் ஓரளவு பேசத் தெரிந்தவர்கூட அச்சத்தையும் வெட்கத்தையும் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். ஆகவே தோட்டப் பகுதிக்கான பராமரிப்பு இணைப்பாளருக்கு முதல் தகுதி மலையகப் பேச்சுத் தமிழ். இரண்டாவது தகுதி, வைத்தியசாலையோடும் செயலகத்தோடும் பேசும் அளவுக்குச் சிங்களம். இவை இரண்டும் கைவந்த இளைஞர்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள்.

அடுத்து வேலை. உளநலப் புனர்வாழ்வில் வேலை என்பது சிகிச்சைக்குப் பின் வரும் பரிசு என்று முன்னர் கருதப்பட்டது. இப்போது அது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது. தோட்டத்தில் இதன் முக்கியத்துவம் இரட்டிப்பாகும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படுவது சம்பளத்தை மட்டுமன்றி, ஆளாக மதிக்கப்படுவதையும் குறிக்கிறது. மேலும், குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் பதிவுபெற்றிருப்பது லயத்து அறையில் தொடர்ந்து குடியிருப்பதற்கான பிடிமானமாகக் கருதப்படுகிறது. மருந்தால் கை நடுங்கும், காலையில் சோர்வாக இருக்கும் ஒருவரால் முழு நாளுக்கு விதிக்கப்பட்ட கொழுந்தை எடைக்குக் கொடுக்க முடியாது. குறைந்தால் ‘அரைப்பேர்’, தொடர்ந்து குறைந்தால் ஏச்சு, பின்னர் நிறுத்தம். இவ்விடத்தில் இணைப்பாளர் தவறணை எனப்படும் நாற்றுமேடையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுதல், குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்தைச் சுற்றிய துப்புரவு, புல் வெட்டுதல் போன்ற எடைக்கணக்கு இல்லாத வேலையைச் சில மாதங்களுக்குப் பெற்றுத்தரத் தலைவர், கணக்கப்பிள்ளை, தோட்ட அதிகாரியான துரை ஆகியோரிடம் பேச வேண்டியிருக்கும். தோட்ட வேலையே வேண்டாம் என்று நோயர் சொல்வாரானால் அதுவும் மதிக்கப்பட வேண்டிய விருப்பமே. மரக்கறிப் பாத்தி, ஆடு வளர்ப்பு, பண்டாரவளையிலோ பதுளையிலோ கடை வேலை என வேறு வழிகளை அவரோடு சேர்ந்து தேடலாம்.

துரையிடம் பேசுவது என்பதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. 1970களில் அரசுடைமையாக்கப்பட்டு, 1992 முதல் தனியார் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குக் கையளிக்கப்பட்ட இத்தோட்டங்களில், வேலை கொடுப்பவரும் வீட்டின் மீது அதிகாரம் உள்ளவரும் நெடுங்காலம் டிஸ்பென்சரியை நடத்தியவரும் ஒரே நிர்வாகமே. அந்த அமைப்பில் ஒருவரின் நோய் பற்றிய செய்தி அலுவலகத்துக்குச் சென்றால் அது அவருக்கு உதவியாகவும் அமையலாம், பதிவு நீக்கத்துக்குக் காரணமாகவும் அமையலாம். ஆகவே பராமரிப்பு இணைப்பாளர் தோட்ட நிர்வாகத்தின் சம்பளத்தில் இருக்கக் கூடாது. நோயரின் சம்மதமின்றி நோயின் பெயரை எவரிடமும் சொல்லக் கூடாது. இலகு வேலை கேட்கும்போதுகூட ‘மருந்து எடுக்கிறார், சில மாதம் பாரமான வேலை கூடாது’ என்ற அளவில் பேச்சு நிற்க வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர் இம்முயற்சியில் மதிப்புள்ள கூட்டாளி. முதலில் நோயைக் கவனிப்பவரும் பெரும்பாலும் அவரே. ஆனால் நோயருக்குரிய பொறுப்பு சுகாதாரத் துறையிடமே இருக்க வேண்டும்.

கடதாசிகளின் உலகமும் தனியே கவனிக்கத்தக்கது. குறைந்த வருமானம் உடைய மாற்றுத்திறனாளிகளுக்கான அரச உதவிப்பணத்துக்கு உளநோயால் நீண்டகாலம் செயலிழந்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. கை கால் இழந்தவருக்கே அது உரியது என்று நினைக்கிறார்கள். விண்ணப்பத்துக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இரண்டிலும் பெயர் ஒரே விதமாக இருக்க வேண்டும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அச்சிக்கல் சட்டரீதியாகத் தீர்ந்த சமூகத்தில், பத்திரங்கள் முறையாக இல்லாத முதியவர்கள் இன்னும் உள்ளனர். நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவரென வைத்தியர் சான்றளித்தால் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. கிராம உத்தியோகத்தரிடமிருந்து சமூக சேவை உத்தியோகத்தருக்கும், அங்கிருந்து வைத்தியருக்கும், மீண்டும் செயலகத்துக்கும் அலையும் இப்பயணத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது. விடயம் தெரிந்த ஒருவர் கூடவே சென்றால் பாதி அலைச்சல் இல்லை.

பெண்களின் நிலை வேறொரு கனத்தைக் கொண்டது. நோயுற்ற ஆணை மனைவியோ தாயோ பார்த்துக்கொள்வார். நோயுற்ற பெண் பிறந்த வீட்டுக்குத் திருப்பியனுப்பப்படுவது இச்சமூகத்தில் அறியாத செய்தியல்ல. பராமரிப்பின் சுமையும் பெண்கள் மேலேயே விழுகிறது. தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றிருக்கும் வீட்டில், நோயுற்ற சகோதரனைப் பார்க்கப் பள்ளியை விட்டு நிற்பது மூத்த மகளாக இருக்கும். ஆகவே இணைப்பாளர் எழுதும் பராமரிப்புத் திட்டத்தில் நோயருக்கு ஒரு பக்கம் என்றால் பராமரிப்பவருக்கும் ஒரு பக்கம் வேண்டும். மாதத்தில் ஒருநாளாவது அவருக்கு ஓய்வு கிடைக்கிறதா, அந்தப் பிள்ளை மீண்டும் பள்ளிக்குப் போகிறாளா என்பவை மருந்தின் அளவுக்குச் சமமான கேள்விகள். இங்கேதான் கன்சாஸில் வளர்ந்த அந்த ஆற்றல்சார் முறை லயத்தில் இயல்பாகப் பொருந்துகிறது. மரண உதவிச் சங்கம், கோயில் திருவிழாக் குழு, மாதர் சங்கம் என ஒவ்வொரு தோட்டத்திலும் ஏற்கெனவே இயங்கும் அமைப்புகளுக்கு, ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் எவரும் அழைக்காமலே கூடிச் சமைக்கத் தெரியும். அந்தக் கைகளின் உழைப்பில் ஒரு சிறு பங்கை, கிளினிக் நாளில் உடன்செல்வதற்கும் தீமிதிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் நோயரைத் தவறாமல் அழைப்பதற்கும் திருப்பிவிடுவது பணம் தேவைப்படாத புனர்வாழ்வு.

இவற்றோடு, மலை சரியும் பகுதி இது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அனர்த்தத்துக்குப் பின் ஆலோசகர்கள் வருகிறார்கள், சில வாரங்கள் தங்குகிறார்கள், செல்கிறார்கள். மாத்திரைகளையும் கிளினிக் கொப்பியையும் மண்ணில் இழந்து முகாமில் தங்கியிருக்கும் பழைய நோயர் யார், அவர் என்ன மருந்து எடுத்தார் என்பதை அறிந்திருப்பது அப்பகுதிக்குரிய நிரந்தரப் பணியாளரால் மட்டுமே இயலும். மதுவும் தற்கொலையும் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கு ஒன்றைச் சொன்னால் போதும். 1995இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தைத் தொட்ட இலங்கையின் தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் பாதிக்கும் கீழாக இறங்கியது. அரசு ஒரு தெளிவான முடிவை எடுத்து நிலைநிறுத்தினால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்கு இந்நாடே உலகுக்குக் காட்டிய சான்று அது.

அத்தகைய ஒரு முடிவே இங்கும் தேவைப்படுகிறது. உளநல வைத்திய அதிகாரி, சமூக உளமருத்துவத் தாதி, உளமருத்துவ சமூகப் பணியாளர், குடும்பநல உத்தியோகத்தர், தோட்ட வைத்திய உதவியாளர், சமூக சேவை உத்தியோகத்தர் என ஊவாவில் இப்பணியின் துண்டுகளைக் கையில் வைத்திருப்பவர் பலர். எவருக்கும் முழுமையும் ஒப்படைக்கப்படவில்லை. புதிய கட்டடங்களுக்கு முன்னதாக, தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் தமிழ் பேசும் பராமரிப்பு இணைப்பாளர்கள் அத்தோட்டங்களிலிருந்தே தெரிவு செய்யப்பட்டு, பதுளை உளநலப் பிரிவின் மேற்பார்வையில், மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் நிரந்தர ஊழியர்களாக நியமிக்கப்பட வேண்டும். உதவி நிறுவனங்களின் இரண்டு மூன்று ஆண்டுத் திட்டங்களில் இவர்களைச் சேர்ப்பது நல்லதைவிடத் தீமையே செய்யும். நம்பிக்கை வைத்த பணியாளர் திட்டம் முடிந்ததும் மறைவது, ஏற்கெனவே பலமுறை கைவிடப்பட்ட மக்களுக்கு மேலும் ஒரு கைவிடல். ஒருவருக்கு எத்தனை நோயர் என்பதற்கு மலைப்பாதையின் தூரத்தையும் கணக்கிட்டு வரம்பிட வேண்டும். தொலைபேசிக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். மாதந்தோறும் உளமருத்துவ நிபுணரோடு அமர்ந்து ஒவ்வொரு நோயரைப் பற்றியும் பேச நேரம் வேண்டும். மாகாண சபையும் சுகாதார அமைச்சும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளைப் பெறும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசுவது நியாயம்.

அதுவரையில், தமது வீட்டிலோ அடுத்த காம்பராவிலோ ஒருவர் உறக்கமும் உணவும் இழந்து, இல்லாதவற்றைக் கண்டு கேட்டு அஞ்சுவதைக் காணும் வாசகர்கள், அவரைக் கட்டிவைக்கவோ மறைத்துவைக்கவோ இடமளியாமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.